இப்ப குளிரும்

ஒரு மனிதரை ஒரே ஒரு வசனமாக நினைவில் வைத்திருப்பது சரியோ தெரியாது. அந்த மிஸியின் முகம் எனக்கு இப்போது பாதிதான் ஞாபகம் இருக்கிறது. வலது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது, இடது புருவமோ என்று இப்போது சந்தேகம். வசனம் மட்டும் முழுதாக இருக்கிறது.

"இப்ப குளிரும்."

சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட இடம் தருவார். அதற்குப் பிறகுதான் கை வயிற்றுக்கு வரும்.

எங்கள் பக்கத்தில் தாதிமார் எல்லோரும் மிஸிதான். இந்த மிஸி, யாழ்ப்பாண நகரத்தில் பெரிய ஆசுப்பத்திரிக்குப் பின்தெருவில், பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டொக்டரின் கிளினிக்கில் ஸ்கான் அறையைப் பார்த்துக்கொண்டவர். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. மின்சாரம் ஊரை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜெனறேற்றர் மண்ணெண்ணெயில் ஓடும், அதுவும் கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வரிசையில் இருக்கிற வயிறுகள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும். அவ்வளவு அவசரத்திலும் மிஸி சொல்லாமல் ஒருவரையும் தொட்டதில்லை.

"இப்ப சீலையைக் கொஞ்சம் கீழை இறக்குவன். இப்ப பூசுவன். இப்ப கொஞ்சம் அமத்தும், சலம் முட்டுற மாதிரி இருக்கும், ஆனால் போகாது. இப்ப டொக்டர் கதைக்காமல் இருப்பர், அது அவரின்ரை பழக்கம், அதுக்குப் பயப்பிடாதையும்."

இப்படியே போகும். பூசுகிற பசை கொழும்பிலிருந்து வருவது நின்றுபோனதால் கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் கஞ்சியாக்கி வைத்திருப்பார். முதல் ஆளுக்கு அது இளஞ்சூடாக இருக்கும். "இப்ப சுடுகிற மாதிரி இருக்கும், சுடாது" என்பார். நான்காம் ஆளுக்கு மேல் ஆறிவிடும். நான் எப்போதும் கடைசியில் வருகிற ஆள். எனக்குக் கிடைத்தது குளிர்தான்.

அவருக்கு ஒரு எல்லையும் இருந்தது. திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். ஆணா பெண்ணா என்று எத்தனையோ பேர் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். "வாறது என்னெண்டு நான் சொல்லுவன். இருக்கிறது என்னெண்டு டொக்டர்தான் சொல்லுவர்" என்று முடித்துவிடுவார். டொக்டரோ வாயில் வெற்றிலை இல்லாமலே வெற்றிலை போட்டவர் மாதிரி இருக்கிறவர். ஒரு நாளில் பத்து வசனம் பேசினால் அது அவருக்குக் கூடுதல்.

அதனால் வெளியே நீள வாங்குப் பலகையில் காத்திருந்த பெண்கள் தங்களுக்கென்று ஒரு சாத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஸ்கான் முடிந்ததும் மிஸி ஒரு பழந்துணியைக் கையில் தந்து "துடையும்" என்றால் எல்லாம் நல்லது. தன் கையாலேயே துடைத்துவிட்டால் ஏதோ பிழை. யார் இதைத் தொடக்கிவைத்தார்களோ, அறைக் கதவைத் திறந்துகொண்டு வருகிற ஒவ்வொருத்தியையும் வாங்கு முழுவதும் ஒரே கேள்விதான் கேட்கும்.

"ஆர் துடைச்சது?"

"நான்தான்" என்றால் எல்லாருக்கும் மூச்சு வரும். குருநகரிலிருந்து வந்த ஒரு பெண் "மிஸிதான்" என்று சொல்லிவிட்டு எங்கள் நடுவில் இருந்து அழுததை நான் பார்த்தேன். அவளுக்கு என்ன பிழை இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த வாங்கில் இருப்பதே ஒரு தவம். ஸ்கானுக்குச் சலப்பை, அதுதான் சிறுநீர்ப்பை, நிறைந்திருக்க வேண்டும். அது நிறைந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்று எல்லோரையும் நான்கு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார்கள். ஜெனறேற்றர் இருமி இருமி நின்றுபோகும். முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு பத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம். மிஸி வெளியே வந்து அறிவிப்பார்.

"இன்னும் பத்து நிமிசம் பொறுக்கோணும். பொறுக்கேலாத ஆக்கள் போய் அரைவாசி விட்டிட்டு வரலாம். ஆனால் அரைவாசியிலை நிப்பாட்டுறது வலு கஷ்டம், அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்."

அவருக்கு 'அறிவித்தல் மிஸி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வானொலியில் போகிற அறிவித்தல்களில் பாதி மரண அறிவித்தல்.

ஒரு நாள் நாங்கள் வாங்கில் இருக்கும்போது குண்டு போடுகிற பொம்பர் வந்தது. ஓடிப் பதுங்கு குழிக்குள் இறங்க ஒருவராலும் முடியாது, வயிறும் தண்ணீரும் அப்படி. மிஸி எங்களைச் சுவரோடு நிலத்தில் இருத்திவிட்டு, நடுவில் நின்று அண்ணாந்து சத்தத்தைக் கேட்டார். "இப்ப சுத்துறான். இப்ப பதியப்போறான். காதைப் பொத்துங்கோ, வாயைத் திறந்து வைச்சிருங்கோ. இப்ப நிலம் ஆடும்." நிலம் ஆடியது. ஒரு மைலுக்கு அப்பால் எங்கோ விழுந்திருந்தது. பத்துப் பேரில் எத்தனை பேருக்குத் தண்ணீர் மிஞ்சியது என்று எழுதுவது மரியாதை இல்லை. மிஸி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் "இப்ப எல்லாருக்கும் சிரிப்பு வரும்" என்றார். அதுவும் வந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் தோட்டக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். பயம் எனக்குக் கூடப்பிறந்தது. நாய் குரைத்தால் கள்ளன், கதவு தட்டினால் செத்தவீடு என்றுதான் என் மனம் முதலில் ஓடும். இந்தக் கிளினிக்குக்கு வருவதற்கு முன், முதல் தடவை உண்டானபோது, ஐந்தாம் மாதத்தில் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. போன விஷயம் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியக் கூடாது என்று ஆசுப்பத்திரியிலும் வீட்டிலும் பாடுபட்டார்கள். மாமி, என் கணவரின் தாய், தேத்தண்ணியை எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை நான் அதற்குப் பிறகு பாவிக்கவில்லை.

ஆகவே "இப்ப குளிரும்" என்று சொல்லிவிட்டுத் தொடுகிற ஒருவரைக் கண்டதும் எனக்குக் கண்ணீர் வந்தது. முன்னுக்குச் சொல்கிற ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்படிப்பட்டவருக்குத்தான் நான் பொய் சொன்னேன்.

இரண்டாம் பிள்ளைக்கும் ஐந்தாம் மாதம். அதற்கு முன்பே இரண்டு மூன்று தடவை அங்கே வந்துபோயிருந்தேன். ஸ்கானுக்குக் கிடைத்த நாள் கந்தசட்டியின் நாலாம் நாள். வயிற்றுப் பிள்ளைக்காரி விரதம் பிடிக்கத் தேவையில்லை என்று மாமியே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. பொழுதுபடும்வரை வாயில் தண்ணீர் படாமல், பிறகு ஒரு பழமும் பாலும் என்று ஆறு நாளும் பிடிப்பதாக முருகனுக்கு நேர்ந்துவிட்டேன். பிள்ளைக்காகப் பிடிக்கிற விரதத்தைப் பிள்ளையைப் பார்ப்பதற்காக முறிப்பதா? என் பயம் இப்படித்தான் கணக்குப் போட்டது. இவர், என் கணவர், என்னைச் சைக்கிள் கரியரில் வைத்து ஏழு மைல் மிதித்துக் கொண்டுபோனார். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"தண்ணி குடிச்சனீரோ?" என்று மிஸி கேட்டார்.

"ஓம்."

"எத்தினை தம்ளர்?"

"நாலு."

மிஸி என் உதட்டைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், "இப்ப குளிரும்" என்றார்.

திரையில் மழை பெய்கிற ரீவி மாதிரி ஏதோ அசைந்தது. மாமி 'அந்தக் கதிர் பட்டால் பிள்ளை கறுத்துப்போகும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை நான் கேட்டேன். "இது கதிரில்லை, சத்தம். எங்கடை காதுக்குக் கேளாத சத்தம், போய்ப் பட்டுத் திரும்பி வரும். வௌவால் பறக்கிறதும் இப்பிடித்தான்" என்றார் மிஸி. டொக்டர் நீண்ட நேரம் வயிற்றின் கீழ்ப்பக்கத்தை அமத்தி அமத்திப் பார்த்தார். "இதயம் துடிக்குது. வளர்ச்சி போதும்" என்று என்னிடம் சொன்னார். பிறகு மிஸியிடம் இங்கிலீசில் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நான் துணிக்குக் கையை நீட்டினேன். மிஸி தரவில்லை. தன் கையாலேயே என் வயிற்றைத் துடைத்தார்.

மிஸி கதவை அடைத்துவிட்டு எனக்கு முன்னால் நின்றார்.

"கீழ்ப்பக்கம் தெரியேல்லை, பிள்ளை. தெரியேல்லையெண்டால் பிழையெண்டில்லை, சரியெண்டுமில்லை. சாப்பாடு போற நச்சுக்கொடி எங்கை ஒட்டியிருக்கெண்டு பாக்கோணும். அடுத்த கிழமை தண்ணியோடை வாரும். அதுக்கிடையிலை வாறதைச் சொல்லிப்போடுறன். நோகாமல் ரத்தம் பட்டால், நோகேல்லைத்தானே எண்டு வீட்டிலை கிடவாதையும். நோகாத ரத்தத்துக்குத்தான் ஓடோணும். மற்றது, நாங்கள் ஸ்கானிலை பாக்கிற வரைக்கும் ஒருத்தரையும் உள்ளுக்குக் கைவைச்சுப் பாக்க விடாதையும். ஆராயிருந்தாலும். கொடி கர்ப்பப்பை வாசலிலை இருந்தால் கை பட்டாலே ரத்தம் உடைச்சுக்கொண்டு பாயும்."

"ஓம்."

"திருப்பிச் சொல்லும்."

ஒரு ரீச்சரை நிறுத்திவைத்துப் பாடம் ஒப்புவிக்கச் செய்தார். இரண்டு தடவை சொன்னேன். வெளியே வந்ததும் வாங்கு கேட்டது, ஆர் துடைச்சது? "நான்தான்" என்றேன். அது இரண்டாவது பொய். வீட்டுக்கு வந்து மாமியிடம் "எல்லாம் சரியெண்டு சொன்னவை" என்றேன். அது மூன்றாவது.

அடுத்த கிழமை போனோம். 'மண்ணெண்ணெய் இல்லை, ஸ்கான் இல்லை' என்று வாசலில் மட்டை தொங்கியது. அதற்கு அடுத்த கிழமை செல் அடி, தெருவில் இறங்க முடியவில்லை. பிறகு வெங்காய நடுகை. "எல்லாம் சரியெண்டுதானே சொன்னவை, பிறகேன் அலைவான்?" என்று இவர் கேட்டார். அலைய வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும், ஏன் என்று சொன்னால் நாலு தம்ளர் கதையைச் சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். வெட்கத்துக்குப் பயந்து பிள்ளையைப் பந்தயம் வைத்தேன் என்பதுதான் உண்மை. இரண்டு மாதத்துக்கு மேல் ஒவ்வொரு முறை சலம் விடப் போகும்போதும் சீலையைப் பார்த்துப் பார்த்து வந்தேன்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிபோல, சுளகில் அரிசிக்குக் கல்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ சூடாக இறங்கியது. எழுந்து பார்த்தால் இரத்தம். ஒரு நோவும் இல்லை.

மாமி ஓடிவந்தார். "நோகுதே?"

"இல்லை, மாமி."

"நோகேல்லையெண்டால் பயப்பிடாதை. சூடு. காலை உயத்தி வைச்சுக்கொண்டு கிட."

மருத்துவிச்சிக்கு ஆள் அனுப்பினார். என் கணவரையும் அவருடைய மூன்று சகோதரங்களையும் வீட்டில் வைத்துப் பிறப்பித்தவர் அந்த அம்மா. ஊரில் அவருக்கு இருந்த மதிப்புக் கொஞ்சநஞ்சம் இல்லை. வந்தவுடன் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். அந்தக் காலத்தில் சவர்க்காரம் பொன். எனக்காகத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். கையை உதறிக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

"ஒருக்காக் கைவைச்சுப் பாத்தால் தெரிஞ்சிடும். காலை விடு, பிள்ளை."

நான் முழங்கால்களை இறுக்கிக்கொண்டேன். "வேண்டாம், அம்மா."

"என்ன வேண்டாம்? உன்ரை புருசனை இந்த உலகத்துக்கு இழுத்துவந்த கை இது."

"உங்கடை கையிலை பிழையில்லை. ஸ்கான் பாக்காமல் ஒருத்தரும் தொடக் கூடாதெண்டு மிஸி சொன்னவ."

"அதுதான் ஸ்கான் பாத்துச் சரியெண்டு சொன்னவையெல்லோ?" என்றார் மாமி. குரலில் கோபம் இருந்தது. பெரியவரை வீட்டுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்துகிறேன் என்று அவருக்கு.

என் வாழ்க்கையில் நான் யாரையும் எதிர்த்துக் கதைத்ததில்லை. அன்று கதைத்தது என் துணிவு இல்லை, அதைவிடப் பெரிய பயம். "சரியெண்டு சொல்லேல்லை, மாமி. நான் பொய் சொன்னனான். விரதமெண்டு தண்ணி குடியாமல் போனனான். கீழ்ப்பக்கம் தெரியேல்லையெண்டுதான் சொன்னவை. நோகாத ரத்தத்துக்குத்தான் ஓடோணுமெண்டும் சொன்னவை."

மாமி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மருத்துவிச்சி அம்மா கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தார்.

"அப்ப நான் தொடன். உப்பிடி ஒண்டை நான் ஒருக்காத் தொட்டுக் கண்டனான், போதும். ஏன் இன்னும் வைச்சுக்கொண்டு நிக்கிறியள்? ஏத்துங்கோ."

பக்கத்து வீட்டு இரண்டு சில்லு உழவு மெசினில் பெட்டியைப் பூட்டி, வைக்கல் பரப்பி, அதன்மேல் பாய் போட்டு என்னை ஏற்றினார்கள். என் தலை மாமியின் மடியில் இருந்தது. அவர் கந்தசட்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். இடையில் நிறுத்தி, "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ எனக்கு" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இவர் ஒவ்வொரு கிடங்குக்கும் நின்று நின்று ஓட்டினார். ஏழு மைலுக்கு இரண்டு மணித்தியாலம். இரத்தம் விட்டு விட்டுப் பட்டது. பிள்ளை துடிக்கிறதா என்று வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன், மெசின் துடிப்பில் ஒன்றும் தெரியவில்லை.

கிளினிக் வாசலில் அதே மட்டை தொங்கியது. மண்ணெண்ணெய் இல்லை.

மிஸி படியில் நின்று என்னைப் பார்த்தார், பிறகு மெசினைப் பார்த்தார். "தம்பி, உது என்னத்திலை ஓடுது?" என்று இவரைக் கேட்டார். "மண்ணெண்ணெயிலைதான்" என்றார் இவர். றப்பர் குழாயை எண்ணெய்த் தாங்கிக்குள் விட்டு வாயால் இழுத்துத் துப்பி, இருந்ததெல்லாவற்றையும் வாளியில் இறக்கினார். உழவு மெசின் மூன்று நாள் அந்தத் தெருவிலேயே நின்றதாகப் பிறகு அறிந்தேன்.

உள்ளே கட்டிலில் கிடத்தினார்கள். மிஸி நாலு தம்ளர் கேள்வியைக் கேட்கவில்லை. "சலம் விட்டனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

"விடியவெள்ளனப் போனதுதான். பயத்திலை பிறகு போகவேயில்லை."

"நல்லது."

ஜெனறேற்றர் ஓடத் தொடங்கியது. மிஸி சீலையை இறக்கினார், கஞ்சியை அள்ளி வயிற்றில் வைத்தார். சொல்லாமல் வைத்தார். உடம்பெல்லாம் தூக்கிப்போட்டது எனக்கு.

"மிஸி, ஏன் ஒண்டும் சொல்லுறியள் இல்லை?"

"தெரிஞ்சால்தானே, பிள்ளை, சொல்லுறது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். டொக்டர் அமத்துவது தெரிந்தது. மாமியின் முணுமுணுப்பு வெளியிலிருந்து கேட்டது. அவ்வளவு நேரமும் ஒருவரும் கதைக்கவில்லை. முந்தின பிள்ளையின்போதும் இப்படித்தான் ஒரு அறை முழுவதும் கதைக்காமல் இருந்தது.

சில்லுகள் கிறீச்சிட்டன. கண் திறந்தால், மிஸி ஸ்கான் மெசினைப் பிடித்து இழுத்துத் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். டொக்டர் இன்னும் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

"இந்தா பாரும். இதிலை. துடிக்குது. இது வரப்போறதில்லை, பிள்ளை. இப்ப இருக்கிறது."

அரிசிப் பருமனில் ஏதோ திறந்து திறந்து மூடியது. டொக்டர் கண்ணாடிக்கு மேலால் மிஸியைப் பார்த்தார். ஏசவில்லை. "கொடி வாசலை முழுக்க மூடியிருக்கு. வீட்டிலை நோ வந்திருந்தால் ரெண்டு பேரும் இல்லை. இனி வீட்டுக்குப் போக ஏலாது. ஆசுப்பத்திரியிலை கிடக்கோணும், நாள் வர வெட்டித்தான் எடுக்கிறது" என்றார். அவரிடம் நான் கேட்ட ஆக நீளமான பேச்சு அதுதான்.

ஐந்து கிழமை வார்ட்டில் கிடந்தேன். எழும்பி நடக்கவும் விடவில்லை. இவரும் இரண்டு சிநேகிதரும் இரத்தம் கொடுத்து வைத்தார்கள். மிஸி ஒவ்வொரு நாளும் காலையில் கிளினிக்குக்குப் போகிற வழியில் வந்து, கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம் இருப்பார். ஒருநாள் நானாகவே சொன்னேன், அன்றைக்கு நாலு தம்ளர் குடிக்கவில்லை என்று.

"தெரியும். உதடு வெடிச்சிருந்தது."

"பிறகேன் என்னை ஏசேல்லை?"

"ஏசினால் அடுத்த முறை வரமாட்டீர் எண்டு நினைச்சன். ஏசாமலும் நீர் வரேல்லை."

நான் பேச்சை மாற்றி, அன்று ஏன் அவரே துடைத்தார் என்று கேட்டேன். வாங்கின் சாத்திரத்தையும் சொன்னேன். மிஸி வாயைப் பிளந்தபடி இருந்தார்.

"எட ஆண்டவரே. என்னட்டை ரெண்டு துணிதான் இருந்தது. காய்ஞ்சதெண்டால் தருவன். ஈரமெண்டால் ஈரத்துணியை ஒரு கர்ப்பிணியின்ரை கையிலை குடுக்கக் கூடாதெண்டு நானே துடைப்பன். மழைநாளிலை எத்தினை பேரை அழவைச்சிருப்பன்?"

அன்றிலிருந்து, "இப்ப நான் துடைக்கப்போறன், துணி காயேல்லை, அதுதான்" என்பதையும் அறிவித்தலில் சேர்த்துவிட்டார் என்று பிறகு வார்ட்டுக்கு வந்த பெண்கள் சொன்னார்கள்.

இன்னொரு நாள் நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "மிஸிக்கு எத்தினை பிள்ளையள்?"

அவர் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "எனக்கு இருபத்துமூண்டு வயசிலை ஒரு ஒப்பறேசன். நேர்சிங் படிச்சுக்கொண்டிருந்தனான், வெளியூரிலை. கட்டி எடுக்கிறம் எண்டு சொல்லித்தான் கொண்டுபோனவை. கர்ப்பப்பையையும் எடுக்கவேண்டி வந்திட்டுது. எடுத்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை எனக்கு. மூண்டாம் நாள், கட்டில் தலைப்பிலை கொழுவியிருந்த என்ரை நோய்க்குறிப்பு மட்டையை நானே எட்டி எடுத்து வாசிச்சன். இங்கிலீசு தெரிஞ்சபடியால் அறிஞ்சன்."

பிறகு எழும்பி, "இப்ப நேரம் போச்சு" என்று போய்விட்டார். அவரைப் பற்றி அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பெயரும் கேட்டதில்லை. தொண்ணூற்றைந்தில் ஊரெல்லாம் இடம்பெயர்ந்தபோது அந்தக் கிளினிக்கும் போனது. பல வருடம் கழித்துத் திரும்பி வந்து தேடிப் பார்த்தேன். அறிவித்தல் மிஸி என்று சொன்னால் நினைவுவருகிற பெண்கள் இருந்தார்கள், பெயர் தெரிந்தவர்கள் இல்லை.

ஒப்பறேசனுக்கு முதல்நாள் வந்து, நடக்கப்போவதை எல்லாம் வரிசையாகச் சொன்னார். "விடியத் தண்ணியும் தரமாட்டினம். அதுதான் உமக்குப் பழக்கமெல்லோ" என்று ஒரு குத்து. பிறகு சிரிக்காமல் தொடர்ந்தார். "மூக்கிலை ஒரு மூடி வைப்பினம். றப்பர் மணக்கும். பத்திலையிருந்து பின்னுக்கு எண்ணச் சொல்லுவினம், நீர் ஏழுக்கு வரமாட்டீர். எழும்பேக்கை முதல் தாகம் வரும். நாக்கு அண்ணத்திலை ஒட்டும். தாகம் வந்தால் நீர் உயிரோடை இருக்கிறீர் எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகுதான் நோ வரும்."

"பிள்ளை?"

"அதை நான் நாளைக்குத்தான் சொல்லுவன்."

மூடி வைத்தார்கள். றப்பர் மணத்தது. பத்து, ஒன்பது, எட்டு.

தாகம் வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. யாரோ ஈரப் பஞ்சால் என் உதட்டைத் தொட்டார்கள். கண் இமையைத் தூக்க முடியவில்லை. நோ வந்தது, சொன்னபடி, சொன்ன வரிசையில். அறையில் ஒருவரும் கதைக்கவில்லை. எனக்கு அந்தத் தேத்தண்ணிக் கோப்பை நினைவுக்கு வந்தது. கேட்க வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை.

"பிள்ளை," என்று மிஸியின் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "இப்ப இடது கையை விரிச்சு வைக்கிறன். இப்ப அதிலை ஒரு பாரம் வரும். சூடாயிருக்கும். கத்தும், அதுக்குப் பயப்பிடாதையும்."

ஒரு மூச்சு விட இடம் தந்தார்.

வந்தது. ஐந்து றாத்தலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.